கேளாச் செவியும் வீண் வெட்கமும்

நமது பிரசங்க மேடைகளில் ஓய்வின்றி உழைத்துவரும் பழமொழிகளுள் ஒன்று, ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்பது. சர்க்கார் மக்களின் குறையைக் கேளாவிடின் அது ‘செவிட்டுச் சர்க்கார்’. மகஜருக்குப் பதில் வாராவிடின் அதிகாரிகள் ‘செவிடர்கள்’. பத்திரிகைகளுக்கும் இச்சொல் மிகவும் பழக்கமானதே. மேடையில் இதனைச் சொன்னவுடன் கரகோஷம் எழுகிறது. பேசியவர் மனநிறைவோடு அமர்கிறார். ஆனால் அக்கூட்டத்தின் முன்வரிசையில், காதருகே கையை வளைத்து வைத்துக்கொண்டு, பேசுவோர் உதட்டையே உற்று நோக்கியிருக்கும் ஒருவர் இருப்பாராயின், அவர் உள்ளம் என்ன பாடுபடும் என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இப்பழமொழியினுள்ளே தவறான தீர்ப்பு ஒன்று ஒளிந்து கிடக்கிறது. கேட்க மனமில்லாதவன் வேறு. கேட்க இயலாதவன் வேறு. காது நன்றாயிருந்தும் ஜனங்களின் குரலைப் புறக்கணிக்கும் அதிகாரி முதல் வகையைச் சேர்ந்தவன். ஒரு சொல்லேனும் செவியில் விழாதா என்று ஏங்கி நிற்பவன் இரண்டாம் வகையைச் சேர்ந்தவன். ‘மாட்டேன்’ என்று மறுப்பவனையும் ‘முடியவில்லை’ என்று தவிப்பவனையும் சட்டம் ஒரே கூண்டில் ஏற்றுவதில்லை. நமது பேச்சு ஏற்றுகிறது. முதல்வன் செய்த குற்றத்தின் பழி இரண்டாமவன் தலையில் விழுகிறது. தலைமுறை தலைமுறையாக இப்பழியைக் கேட்டு வளர்ந்த சமூகத்தில், தன் காது மந்தமாகிறது என்று உணர்பவன் வைத்தியரைத் தேடாமல் மறைவிடத்தைத் தேடுவதில் வியப்பென்ன?

வள்ளுவர் கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். அங்கே அவர் பயனற்றதென ஒதுக்குவது நோயுற்ற செவியை அன்று. கேள்வியறிவு நுழையாத செவியையே. உடற்குறையை அவர் பழிக்கவில்லை, மனக்குறையைப் பழித்தார். அவர் பெயரை நாள்தோறும் உச்சரிக்கும் நாமோ இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டோம்.

நாம் இன்று சொல்ல விரும்புவது ஒன்றே. செவி மந்தம் உடலின் குறை. அதைப் பற்றிய வெட்கம் சமூகத்தின் குறை. முன்னதற்குப் பெரும்பாலும் பரிகாரம் உண்டு. பின்னதோ அப்பரிகாரத்தின் வாயிலில் நின்று உள்ளே செல்லவொட்டாமல் தடுக்கிறது.

கண்ணுக்கு ஒரு நீதி, காதுக்கு ஒரு நீதி

நாற்பது வயது கடந்து எழுத்து மங்கினால், மூக்குக்கண்ணாடி வாங்கி மாட்டிக்கொள்கிறோம். அதனால் எவருக்கும் கௌரவக் குறைவு நேர்ந்ததில்லை. படித்தவர் என்னும் மதிப்புக் கூடக் கண்ணாடியோடு சேர்ந்து வருகிறது. கண்ணுக்கு முன் ஒரு கருவி நின்றால் அறிவின் அடையாளம். காதுக்குப் பின் ஒரு கருவி நின்றால் முதுமையின் அடையாளம், மந்த புத்தியின் அடையாளம்! இரண்டும் ஓர் உறுப்பின் தளர்ச்சிக்கு விஞ்ஞானம் தரும் ஊன்றுகோல்களே. ஒன்றுக்கு மரியாதையும் மற்றொன்றுக்கு ஏளனமும் அளிப்பது எந்த நியாயத்தைச் சேர்ந்தது?

இவ்வேற்றுமைக்குக் காரணம் இல்லாமலில்லை. கண் மங்கியவன் தடுமாறினால் பார்ப்போர் இரங்குகின்றனர். காது மந்தமானவன் தடுமாறுவது வெளியில் தெரிவதில்லை. அவன் சொல்லும் பிழையான விடை மட்டுமே தெரிகிறது. ஒன்றைக் கேட்டால் அவன் மற்றொன்றைச் சொல்கிறான். உடனே சபை சிரிக்கிறது. நமது நாடகங்களிலும் சினிமாக்களிலும் செவிடன் வருவது பெரும்பாலும் இச்சிரிப்புக்காகவே. குருடனைக் காட்டி அழவைக்கும் ஆசிரியன், செவிடனைக் காட்டிச் சிரிக்கவைக்கிறான்.

மந்தமும் பெரும்பாலும் ஒரே நாளில் வருவதன்று. வயதினால் வரும் மந்தத்தில் முதலில் குறைவது மேல் ஸ்தாயி ஒலிகளைக் கேட்கும் திறன். உயிரொலிகள் கீழ் ஸ்தாயியில் வலுவாக ஒலிப்பன. மெய்யொலிகளுள் பல மேல் ஸ்தாயியில் மெலிதாக ஒலிப்பன. ஆதலின் ‘பட்டு’, ‘கட்டு’, ‘தட்டு’ என்னும் மூன்றும் அவர் காதில் ஒன்றுபோல விழும். சத்தம் கேட்கிறது, சொல் விளங்குவதில்லை. இதனால் அவர் தம் காதைச் சந்தேகிப்பதில்லை. ‘இக்காலத்துப் பிள்ளைகள் வாயைத் திறந்து பேசுவதில்லை’ என்று பிறரையே குறைகூறுகிறார். வீட்டாரோ, ‘வேண்டியது மட்டும் அவர் காதில் விழும்’ என்று பரிகசிக்கின்றனர். இருசாராரும் குணத்தைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்க, காது சோதனையின்றிக் கிடக்கிறது.

பொதுவாழ்விலிருந்து மறையும் மனிதர்

பொதுக்காரியங்களில் ஈடுபட்டுள்ள நேயர்கள் தம் சகாக்களை ஒரு கணம் நினைத்துப் பார்க்கவேண்டும். காரியக் கமிட்டியில் இருபது ஆண்டு உழைத்த ஊழியர் ஒருவர். முன்பெல்லாம் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் திருத்தம் கொண்டுவருவார். இப்போது மௌனமாயிருக்கிறார், பிறர் தலையசைக்கும்போது தாமும் தலையசைக்கிறார், கை தூக்கும்போது கை தூக்குகிறார். சில மாதங்களில் ‘உடல் அசௌகரியம்’ என்று எழுதி விலகிக்கொள்கிறார். இளைஞர்கள், ‘பெரியவருக்கு ஊக்கம் போய்விட்டது’ என்கின்றனர். போனது ஊக்கமன்று, காது. அதைச் சொல்ல நாணி, தம் அனுபவம் முழுவதையும் அவர் வீட்டுத் திண்ணைக்கு எடுத்துச் சென்றுவிட்டார்.

‘மறுதரப்பையும் கேள்’ என்பது சட்ட நூல்களின் தலையாய விதிகளுள் ஒன்று. நீதிபதிக்கு மட்டுமன்று, வாக்களிக்கும் ஒவ்வொரு பிரஜைக்கும் அவ்விதி பொருந்தும். கேளாமல் கை தூக்குபவன் வாக்களிக்கவில்லை. பிறன் வாக்கை எதிரொலிக்கிறான். நீதிமன்றத்தில் இதன் தீங்கு இன்னும் கொடியது. குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர் தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்விக்கு, செவி மந்தமான சாட்சி, தமக்குக் கேட்கவில்லை என்று சொல்ல வெட்கி ‘ஆம்’ என்று கூறிவிடுவாராயின், அந்த ஒருசொல் விடையில் ஒரு குடும்பத்தின் நிலமும் வீடும் போகக்கூடும். பதிவேட்டில் அவர் காதின் நிலை ஏறாது. ‘ஆம்’ மட்டுமே ஏறும்.

உலகம் அறிந்த மேதைகளையும் இவ்வெட்கம் விட்டுவைக்கவில்லை. மேனாட்டுச் சங்கீத மேதை பீத்தோவன், 1802-இல் தம் சகோதரர்களுக்கு எழுதி அனுப்பாமலே வைத்திருந்த கடிதம் ஒன்று, 1827-இல் அவர் இறந்தபின் கிடைத்தது. தமக்குக் காது கேட்கவில்லை, உரக்கப் பேசுங்கள் என்று மனிதரிடம் சொல்ல இயலாமையாலேயே கூட்டுறவை விட்டுத் தனித்து வாழ்வதாக அதில் மனம் நொந்திருக்கிறார். ஒலியையே தொழிலாகக் கொண்டவருக்கு அவ்வெட்கம் எத்தகைய சிறையாய் இருந்திருக்கும்!

அதே நூற்றாண்டில் நேர்மாறான வழியைக் காட்டினார் ஹாரியட் மார்ட்டினோ என்னும் ஆங்கில மாது. அரசியல் பொருளாதாரத்தைப் பாமரரும் உணரும் வண்ணம் கதைகளாக எழுதிப் புகழ்பெற்றவர். இளமையிலேயே செவிப்புலன் மங்கியவர். அவர் கேட்புக் குழலை வெளிப்படையாக ஏந்திச் சபைகளுக்குச் சென்றார். அதனுடனேயே 1834 முதல் 1836 வரை அமெரிக்காவில் சுற்றுப்பிரயாணம் செய்து ஆராய்ந்தார். 1834-இல், தம்மைப் போன்ற செவி மந்தமானோருக்கு ஒரு பகிரங்கக் கடிதமும் எழுதினார். குறையை மறைக்க முயலாது, தாமே முன்வந்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம்.

ஜாக் ஆஷ்லியின் திருஷ்டாந்தம்

அரசியல் ஊழியர் மறவாது நினைவிற்கொள்ளத்தக்க வரலாறு ஒன்று உண்டு. ஜாக் ஆஷ்லி, 1922-இல் இங்கிலாந்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பதினான்கு வயதில் பள்ளியை விட்டுத் தொழிற்சாலையில் கூலி வேலை செய்தார், தொழிற்சங்கத்தில் வளர்ந்தார், பின்னர் ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் கல்வி பயின்றார். 1966-இல் தொழிற்கட்சியின் சார்பில் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மந்திரி பதவி தூரத்தில் இல்லை என்று பலரும் எண்ணினர். அடுத்த ஆண்டின் இறுதியில், செவிப்பறையில் இருந்த துளையை மூடுவதற்காகச் செய்துகொண்ட சிறு சிகிச்சையைத் தொடர்ந்து, அவருக்கு இருந்த செவிப்புலன் முற்றும் போய்விட்டது.

வாதமே தொழிலாகவுள்ள ஒரு சபையில், ஒரு சொல்லும் கேளாத அங்கத்தினர் என்ன செய்வது? ராஜீனாமாச் செய்துவிடவே அவர் எண்ணினார். தொகுதி மக்களும் சகாக்களும் தடுத்தனர். உதட்டசைவைக் கண்டு பேச்சை உணரும் வித்தையைக் கற்றுக்கொண்டு சபைக்குத் திரும்பினார். கட்சிப் பேதமின்றி அங்கத்தினர்கள் அவரை நோக்கி முகத்தைத் திருப்பிப் பேசப் பழகினர். அவர் 1992 வரை பொதுமக்கள் சபையில் வீற்றிருந்தார். கர்ப்பிணிகள் உட்கொண்ட தாலிடோமைடு என்னும் மருந்தினால் அங்கஹீனமாய்ப் பிறந்த குழந்தைகளுக்கு நியாயமான நஷ்டஈடு வேண்டுமென்று 1972-இல் அவர் எழுப்பிய குரலை, செவியுள்ள அங்கத்தினர் பலரால் எழுப்ப முடியவில்லை. பிற்காலத்தில், 1990-களில், செவிக்குள் பொருத்தும் மின்கருவியினால் அவருக்கு ஓரளவு கேட்கும் திறனும் மீண்டது. 2012-இல் காலமானார்.

இவ்வரலாற்றில் இரண்டு பாடங்கள் உள. குறையை அவர் மறைக்கவில்லை என்பது ஒன்று. சபை தன் பழக்கத்தை மாற்றிக்கொண்டது என்பது மற்றொன்று. முகத்தைத் திருப்பிப் பேசுவதற்கு எந்தப் பட்ஜெட்டிலும் பணம் ஒதுக்கத் தேவையில்லை.

காதின் அமைப்பும் நோயும்

புறச்செவி வழியே புகும் ஒலி செவிப்பறையை அதிர்விக்கிறது. அவ்வதிர்ச்சியை நடுச்செவியிலுள்ள சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் உட்செவிக்குக் கடத்துகின்றன. உட்செவியில் நத்தைக் கூடு போலச் சுருண்டிருக்கும் உறுப்பில் சுமார் 15,000 நுண்ணிய மயிரணுக்கள் உள. அவை அதிர்ச்சியை மின்னோட்டமாக மாற்றி நரம்பின் வழியே மூளைக்கு அனுப்புகின்றன.

புறச்செவியிலும் நடுச்செவியிலும் நேரும் தடை பெரும்பாலும் நீக்கக்கூடியது. குறும்பி அடைத்திருந்தால் வைத்தியர் சில நிமிஷங்களில் எடுத்துவிடுவார். செவிப்பறை கிழிந்திருந்தால் தைலமோ மந்திரமோ வேண்டாம். சத்திர சிகிச்சையால் மூடலாம். அங்கவடி எலும்பு இறுகிப்போகும் நோய்க்கு, அதனை அகற்றிச் செயற்கை உறுப்பை வைக்கும் முறையை அமெரிக்க வைத்தியர் ஜான் ஷே 1956-இல் செய்துகாட்டினார். இன்று நம் நாட்டிலும் அது செய்யப்படுகிறது. உட்செவியின் மயிரணுக்கள் அழிந்தாலோ அவை மீண்டும் முளைப்பதில்லை. அங்கும் கைவிடும்படியான நிலை இல்லை. மிச்சமுள்ள அணுக்களுக்குக் காதொலிக் கருவி துணைசெய்யும். பெரும்பாலும் அழிந்துவிட்டால் காக்ளியர் இம்ப்ளாண்ட் என்னும் கருவி நேரே நரம்பைத் தூண்டும். இக்கருவியின் பல மின்வாய்கள் கொண்ட வடிவை 1978-இல் ஆஸ்திரேலியாவில் முதன்முதல் ஒரு நோயாளிக்குப் பொருத்தியவர் கிரேம் கிளார்க். அவருடைய தந்தை செவி மந்தமான ஒரு மருந்துக் கடைக்காரர். தந்தையின் தவிப்பை நாள்தோறும் கண்ட மகனே அத்துறையில் வாழ்நாளைச் செலவிட்டார்.

இவற்றுள் எது தமக்கு வந்துள்ளது என்பதை எவரும் வீட்டிலிருந்தபடி அறிய இயலாது. கேட்கும் திறன் சோதனை ஒன்றே அதனைக் காட்டும். ஆனால் நமது வழக்கம் என்ன? காதில் சீழ் வடிந்தால் காய்ச்சிய எண்ணெயை ஊற்றுகிறோம். அரிப்பெடுத்தால் ஊக்கையும் தீக்குச்சியையும் விட்டுக் குடைகிறோம். குழந்தைக்குச் சீழ் வடிவதை ‘வளர வளரச் சரியாகிவிடும்’ என்று ஆண்டுக்கணக்கில் விடுகிறோம். அச்சீழ் செவிப்பறையைத் துளைத்து, எலும்பை அரித்து, சில வேளை மூளைவரை பரவி உயிருக்கும் உலை வைக்கும்.

ஒன்றை மாத்திரம் நேயர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஒரு காது ஓரிரவிலோ ஓரிரு நாளிலோ திடீரென்று அடைத்துப்போனால், அது சளி என்று வாளா இருத்தல் ஆபத்து. நரம்பைத் தாக்கும் திடீர்ச் செவிட்டுத்தன்மையாக அது இருக்கலாம். அன்றே காது, மூக்கு, தொண்டை வைத்தியரைக் காணவேண்டும். முதல் இரண்டு வாரங்களுக்குள் மருந்து தொடங்கினால் மீளும் வாய்ப்பு மிகுதி. பின்னர் அது விரைவாகக் குறைந்துவிடும். காசநோய்க்கு ஊசியாகப் போடப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசினும், அவ்வினத்தைச் சேர்ந்த ஜென்டாமைசின், அமிகாசின் முதலியனவும் காதைக் கெடுக்கக்கூடியவை. அவை உயிர் காக்கும் மருந்துகளே. அவற்றைப் பெறும்போது காதில் இரைச்சல் தோன்றினால் உடனே வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

செவிட்டுத்தன்மையைத் தீர்ப்பதாக வரும் விளம்பரங்களைப் பற்றியும் எச்சரிக்க விரும்புகிறோம். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய மருந்துகள் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரத் தடைச் சட்டத்தின் அட்டவணையில் செவிட்டுத்தன்மையும் சேர்க்கப்பட்டுள்ளது. அதைக் குணப்படுத்துவதாக ஜனங்களுக்கு விளம்பரம் செய்வதே குற்றம். அதனை வெளியிடும் பத்திரிகைக்கும் பொறுப்பு உண்டு. வெட்கத்தினால் வைத்தியரிடம் செல்லாதவனே தபாலில் வரும் மாயத் தைலத்துக்கு முதல் வாடிக்கைக்காரன் ஆகிறான்.

குழந்தைகளின் வழக்கு

பெரியவன் வெட்கத்தால் தன்னைக் கெடுத்துக்கொண்டால் அது அவனோடு போகும். பெற்றோர் வெட்கத்தால் குழந்தை கெடுவது மன்னிக்கத்தக்கதன்று. பிறவியில் செவிகேளாத குழந்தை, மொழியைக் கேளாமையால் பேசுவதில்லை. ‘இவன் தகப்பனும் தாமதமாகத்தான் பேசினான்’ என்று பாட்டி ஆறுதல் கூறுகிறாள். ‘ஊருக்குத் தெரிந்தால் மூத்தவளின் கலியாணம் என்னாகும்?’ என்று தந்தை அஞ்சுகிறார். இவ்வாறு மூன்றாண்டு, நான்காண்டு கழிகின்றன. மூளை மொழியை எளிதில் ஏற்கும் பருவமோ அவ்வாண்டுகளே. வைத்தியர்கள் வகுத்துள்ள கணக்கு எளியது: பிறந்து 1 மாதத்துக்குள் செவிச் சோதனை, 3 மாதத்துக்குள் நோய் நிர்ணயம், 6 மாதத்துக்குள் பரிகாரம். உறங்கும் குழந்தைக்கும் வலியின்றிச் செய்யக்கூடிய சோதனைகள் வந்துவிட்டன.

குழந்தைகளுக்கு நேரும் செவிட்டுத்தன்மையில் ஏறத்தாழ 60 விழுக்காடு தடுக்கக்கூடிய காரணங்களால் வருவது என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. அவற்றுள் ஒன்று, கர்ப்பிணியைத் தாக்கும் ருபெல்லா என்னும் ஜெர்மன் தட்டம்மை. அது கருவிலுள்ள சிசுவைக் கெடுக்கும் என்பதை 1941-இல் ஆஸ்திரேலியக் கண் வைத்தியர் நார்மன் கிரெக் முதலில் எடுத்துக்காட்டினார். 2017-இல் நமது மாகாணத்தில் தட்டம்மை, ருபெல்லாத் தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது, அதைப் பற்றிப் பரவிய வதந்திகளை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வதந்தியை நம்பி ஊசியை மறுத்த ஒவ்வொரு வீடும், பிறவாத குழந்தையின் செவியைப் பணயம் வைத்தது. நெருங்கிய உறவில் தலைமுறை தலைமுறையாக மணம் செய்தலும் பிறவிச் செவிட்டுத்தன்மைக்கு ஒரு காரணம் என்பதை, மாமன் மகளையும் அக்காள் மகளையும் உரிமை என்று கோரும் நாம் சிந்திக்கவேண்டும்.

எல்லாச் செவிகளும் மீளா என்பதும் உண்மை. அத்தகையோர்க்குச் சைகை மொழி உண்டு. அது வெறும் அபிநயமன்று. இலக்கணம் உடைய மொழி. அதனைக் கற்றோர் கல்வியிலும் தொழிலிலும் எவர்க்கும் இளைத்தவரல்லர். 2023-இல் சாரா சன்னி என்னும் செவிகேளாத பெண் வழக்கறிஞர், சைகை மொழிபெயர்ப்பாளர் துணையோடு சுப்ரீம் கோர்ட்டில் தோன்றினார். ஆதலின் மருத்துவமோ சைகையோ எதுவாயினும் காலத்தில் கொடுக்கவேண்டும் என்பதே நமது வாதம். ஒன்றும் கொடாமல் குழந்தையை வீட்டு மூலையில் மறைத்து வைப்பதே மாபாதகம்.

சட்டம் மாறியது, மனம் மாறவில்லை

பழைய ஹிந்து தர்மசாஸ்திர விதிப்படி, பிறவிச் செவிடன், பிறவி ஊமை முதலியோர் பிதிரார்ஜிதத்தில் பங்கு பெறத் தகுதியற்றவர். குறையோடு பிறந்தவனுக்குச் சோறும் துணியும் மட்டும், சொத்து இல்லை. மிதாக்ஷர நெறியைப் பின்பற்றுவோருக்கு இக்கொடுமையை 1928-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம், நோயோ அங்கக்குறையோ எவரையும் வாரிசுரிமையினின்றும் விலக்காது என்று திட்டமாகக் கூறிற்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரு காதுகளிலும் 70 டெசிபல் அளவுக்குக் கேட்கும் திறன் குறைந்தோரைச் செவிகேளாதோர் என்றும், 60 முதல் 70 வரை குறைந்தோரைச் செவி மந்தமானோர் என்றும் வகுத்து, சர்க்கார் உத்தியோகத்தில் அவர்களுக்கு இடமும் ஒதுக்கியுள்ளது.

சட்டம் சுமார் நூறாண்டுகளாக முன்னேறி வந்திருக்கிறது. மனமோ பழைய ஸ்மிருதியிலேயே நிற்கிறது. பெண் விஷயத்தில் இது இன்னும் கடுமை. கருவி அணிய வேண்டிய பெண்ணைக் கலியாணம் முடியும் வரை அணியவொட்டாது தடுக்கும் தந்தையர் படித்தவர்களிலும் உளர். அவள் வகுப்பில் பாடம் கேளாமல் பின்தங்குவது அவர்களுக்குப் பெரிதாகத் தோன்றுவதில்லை.

அலட்சியத்தின் விலை

உலகில் 43 கோடிப் பேருக்கு மேல், சிகிச்சையோ துணையோ வேண்டும் அளவுக்குச் செவி மந்தமாயிருக்கிறது என்பது உலக சுகாதார ஸ்தாபனம் 2021-இல் வெளியிட்ட கணக்கு. அறுபது வயது கடந்தவர்களில் நால்வருக்கு ஒருவருக்கு மேல் இந்நிலையில் உள்ளனர். இவ்வளவு பொதுவான ஒன்று இழிவாக எப்படி இருத்தல் கூடும்?

கேளாமையின் தீங்கு காதோடு நிற்பதன்று. பேச்சை விளங்கிக்கொள்ளவே மூளை முழு முயற்சியையும் செலவிடுகிறது. மனிதன் களைத்து, கூட்டுறவை வெறுத்து, தனிமையில் ஒதுங்குகிறான். முதுமையில் நினைவு தேய்ந்தழியும் நோய்க்கு, தடுக்கக்கூடிய காரணங்களுள் செவி மந்தமும் ஒன்று என்று லான்செட் வைத்தியப் பத்திரிகையின் கமிஷன் 2017, 2020, 2024 ஆகிய மூன்று அறிக்கைகளிலும் குறித்துள்ளது. 2023-இல் அமெரிக்காவில் எழுபது வயது கடந்த முதியோரிடை நடந்த மூன்றாண்டுப் பரீட்சையில், கருவி பெற்றோர் அனைவரையும் சேர்த்துப் பார்த்தபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அறிவுத் தளர்ச்சிக்கு இலக்காகும் அபாயம் மிகுந்தவர்களிடை, தளர்ச்சியின் வேகம் 48 விழுக்காடு குறைந்திருந்தது. ‘வயதாகிவிட்டது, இனிக் கேட்டு என்ன ஆகவேண்டும்?’ என்பார்க்கு இதுவே விடை.

பொதுக்கூட்டம் நடத்துவோர் தம் பங்கையும் உணரவேண்டும். 80 டெசிபல் ஒலியை வாரத்தில் 40 மணி நேரம் தாங்கும் காது, 90 டெசிபல் ஒலியை 4 மணி நேரமே தாங்கும். 100 ஆனால் 20 நிமிஷமே. நமது ஊர்வலத்தின் அதிர்வேட்டும் மேடையருகே அடுக்கிய ஒலிபெருக்கிகளும் எந்தக் கணக்கில் சேரும்? இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் கூறுகின்றன. ஜனங்கள் நம் பேச்சைக் கேட்கவேண்டுமென்று கூவி, அவர்கள் கேட்கும் திறனையே அழிப்பது பொதுத்தொண்டாகாது.

செய்யவேண்டியவை

ஐம்பது வயது கடந்த ஒவ்வொருவரும் கண்ணைச் சோதிப்பது போலக் காதையும் சோதித்துக்கொள்க. பேச்சை மீண்டும் மீண்டும் சொல்லச் சொல்லுதல், டெலிவிஷன் ஒலியை உயர்த்துதல், கூட்டத்தில் பேச்சு விளங்காமை, காதில் ஓயாத இரைச்சல் ஆகியவை தோன்றினால் வயதை நோக்காது உடனே செல்க. ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரிகளில் இச்சோதனை நடைபெறுகிறது. செவிட்டுத்தன்மையைத் தடுக்கும் தேசியத் திட்டத்தை மத்திய சர்க்கார் 2007-இல் தொடங்கியது. ஏழைகளுக்குக் காதொலிக் கருவியும், இளங்குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளாண்ட் சிகிச்சையும் சர்க்கார் திட்டங்களின் மூலம் கிடைக்கின்றன. ஜில்லா மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். கருவியை வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே ‘இரைச்சலாயிருக்கிறது’ என்று பெட்டியில் பூட்டிவிட வேண்டாம். பல ஆண்டு மௌனத்துக்குப் பழகிய மூளை ஒலிக்குப் பழகச் சில வாரங்கள், சில மாதங்கள் ஆகும். ஒலியளவைத் திருத்தித்தர நிபுணர்கள் உளர்.

ஊழியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கிளைக் கமிட்டியிலிருந்து காரணம் சொல்லாமல் ஒதுங்கிய பெரியவர் எவரேனும் இருப்பின், இந்த ஞாயிறன்று அவர் வீட்டுக்குச் செல்லுங்கள். எதிரே அமருங்கள்; வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும். கூவாமல், நிறுத்தி, தெளிவாகப் பேசுங்கள். ‘ஐயா, தங்கள் யோசனை எங்களுக்கு வேண்டும், காதைச் சோதித்துக்கொள்ள நாங்கள் உடன் வருகிறோம்’ என்று சொல்லி, ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் கருவி அணிந்து கூட்டத்துக்கு வரும் முதல் நாளில், எவரும் அதனைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டாம், புகழவும் வேண்டாம். மூக்குக்கண்ணாடியைப் போல அதுவும் ஒன்றென்று கருதி, அடுத்த தீர்மானத்தை வாசிக்கத் தொடங்குங்கள்.